வேன்காரி ஜினிஷாவும் மூக்கு வடிகட்டியும்

தை மாதம் நெல் பூவெடுக்கும்போது ஜினிஷாவுக்குத் தும்மல் தொடங்கும். மாசியில் கும்பப்பூ எனும் இரண்டாம் போக அறுவடை முடிந்து இயந்திரங்கள் வயலைவிட்டு ஏறும்வரை விடாது. ஒன்று இரண்டோடு நிற்காது, ஏழெட்டு வரிசையாக வரும். ஒவ்வொரு தும்மலுக்கும் கண் தானாக மூடிக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். பத்தொன்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சுசீந்திரத்திலிருந்து தேரூர் வழியாக வயல்களுக்கு நடுவே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு அப்படி இல்லை.

பிறந்தது இரணியலில். கட்டிக்கொடுத்தது சுசீந்திரத்தில். கணவன் பிரபின் ஏசி மெக்கானிக்காக மஸ்கட் போனபின் ஆட்டோ ஓட்டப் பழகினாள். பெண் ஓட்டுகிறாள் என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஆட்டோவுக்குப் போனவர்கள் உண்டு. அந்தக் கோபத்திலேயே பேட்ஜ் எடுத்து, நாகர்கோவில் ஓரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேன் டிரைவராகச் சேர்ந்தாள். ஒன்பது வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

போன வருடம் மாசியில் தும்மல் தாங்காமல், காலையில் ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். தேரூர்க் குளத்துக்குப் பக்கம் கண் ஒரு நொடி சொருகியது. முன்சக்கரம் கரையின் மண்ணில் இறங்கிய சத்தத்தில் விழித்து பிரேக்கை மிதித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. ஜினிஷா இறங்கி, மண்ணில் புதைந்த சக்கரத்தைப் பார்த்தாள். அன்றே பள்ளிக்குப் போய், நடந்ததைத் தானாகவே சொன்னாள். வண்டி ஓட்டுகிற நாளில் இனி அந்த மாத்திரை இல்லை என்று முடிவெடுத்தாள்.

காது மூக்கு டாக்டர், இரவில் அடிக்க ஒரு ஸ்ப்ரே எழுதிக்கொடுத்தார். கூடவே மூக்கு வடிகட்டி ஒன்றையும் காட்டினார். மெல்லிய வலை பொதிந்த இரண்டு குட்டி வளையங்கள், நடுவே ஒரு ரப்பர் இழை. மூக்குத் துவாரத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டால் பூந்தூள் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். "நோய மாத்தாது. தும்மலக் குறைக்கும்," என்றார். முதலில் வாங்கிய அளவு பெரிது, தும்மியதும் தெறித்து ஸ்டீரிங்கில் விழுந்தது. அதைவிடச் சிறியது பொருந்தியது. கண் அரிப்பு போகவில்லை. ஆனால் தேரூர் தாண்டும்வரை ஒரு தும்மலோ இரண்டோ, அவ்வளவுதான். இந்த வருடம் தை பிறந்ததிலிருந்து அவளுக்கு வண்டி ஓட்டுவது மறுபடியும் பிடித்திருந்தது.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. பெற்றோர் வாட்ஸாப் குழுவில், ஸ்டீரிங்கில் உட்கார்ந்திருக்கும் அவள் முகத்தைப் பெரிதாக்கி, மூக்கைச் சிவப்பில் வட்டமிட்டு, கீழே எழுதியிருந்தது: 'டிரைவருக்கு மூக்கில் ஏதோ நோய். பிள்ளைகளுக்குத் தொற்றினால் யார் பொறுப்பு?' போட்டவர் சுயம்புராஜ். கோட்டாற்றில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் மகள் இந்த வேனில்தான் வருகிறாள். வேனில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ராகேல்தான் போனைக் காட்டினாள். பார்த்த கணம் ஜினிஷாவுக்குக் காது இரண்டும் சுட்டது.

மறுநாள் தாளாளர் சுந்தர்சிங் கூப்பிட்டனுப்பினார். சுயம்புராஜும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

"அத எடுத்துட்டு ஓட்டும்மா. பாக்க ஒரு மாதிரி இருக்குல்லா. பேரன்ட்ஸ் பயப்படுதாவ," என்றார் தாளாளர்.

"எனக்க மூக்க ஆரு பாக்கச் சொன்னா சார்? ரோட்டப் பாத்து ஓட்டுதேனான்னு பாருங்க."

சுயம்புராஜ் சிரித்தார். "ஒரு மாத்திரையில தீருத காரியம். அதுக்கு என்னத்துக்கு இந்த வேசம்?"

ஜினிஷா பையிலிருந்து பழைய மாத்திரை அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒங்க கடையில வாங்குனதுதான். பின்னால இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு. சாருக்குக் கேக்கும்படியா தமிழ்ல சொல்லுங்க."

அவர் அட்டையைத் திருப்பினார். பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"ஒறக்கம் வரும், வண்டி ஓட்டாதங்கன்னு போட்டிருக்கு. நெதமும் விக்கிற ஒங்களுக்குத் தெரியாதா? ஒங்க மகளையும் ஏத்திட்டு நான் ஒறங்கிட்டே ஓட்டணுமா?"

தாளாளர் மேசையைத் தட்டினார். "அறுப்பு முடியுத வரைக்கும் லீவுல இரி. வேற ஆளு ஓட்டட்டும்."

வாசலைத் தாண்டும்வரை அவள் அழவில்லை. போன வருடம் யாரும் கேட்காமலே உண்மையைச் சொன்னவளுக்கு இதுதான் மரியாதையா என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மாற்று டிரைவர் ஐந்து நாள் ஓட்டினார். ஒரு கையில் போன், மறு கையில் ஸ்டீரிங். ராகேல் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளை இறக்கும்போது வாசலில் நின்ற ஒவ்வொரு தாயிடமும் அதைச் சொன்னாள், ஜினிஷாவின் மூக்கில் இருந்தது என்ன என்பதையும் சொன்னாள். ஆறாம் நாள் பதினொரு பெற்றோர் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். அன்று சாயங்காலமே ஜினிஷாவுக்கு அழைப்பு வந்தது.

திங்கள் காலை அவள் வந்தாள். சாவியை மட்டும் வாங்கவில்லை.

"எல்லாரும் பாத்த குரூப்புலதான எனக்க மொகத்தப் போட்டாவ? அதுலயே மன்னிப்பும் வரணும். அப்பதான் வண்டி நகரும்."

"நேரமாவுதும்மா," என்றார் தாளாளர்.

"எனக்கும் ஆறு நாளு ஆச்சு சார்."

தாளாளர் சுயம்புராஜைப் போனில் அழைத்தார். ஏழு மணிக்குக் குழுவில் ஒரு செய்தி வந்தது: 'சிறு புரிதல் பிழை ஏற்பட்டது.' ராகேல் வாசித்துக் காட்டினாள். ஜினிஷா தலையாட்டவில்லை. ஏழேகாலுக்கு இரண்டாவது வந்தது: 'ஜினிஷாவுக்குத் தொற்றுநோய் எதுவும் இல்லை. பாதுகாப்பாக ஓட்டவே வடிகட்டி அணிகிறார். படத்தைப் போட்டது தவறு. மன்னிக்கவும். சுயம்புராஜ்.'

அவள் அதைத் தானே ஒருமுறை வாசித்தாள். பிறகுதான் சாவிக்குக் கை நீட்டினாள். கோபம் தீரவில்லை. அன்று மதியம் பிரபினிடம் போனில், "ஒத்த வரி எழுத இம்புட்டு மனசில்லாம இருக்காவளே," என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

சுயம்புராஜ் இப்போது வேன் வரும்போது வாசலுக்கு வருவதில்லை. மகள் தனியாக வந்து ஏறுகிறாள். ஜினிஷா அவளிடம் எப்போதும்போல, "பைய ஏறு மக்கா, விழுந்திராத," என்கிறாள்.