பவுடர் பூசிய என்ஜின்

சந்தன வாசனை வீசிய ஒரே ஒரு கார் என்ஜினைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பெரிய முதலியார்சாவடியில், சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில், பானெட் திறந்து நின்றிருந்த பழைய டீசல் கார் அது. என்ஜினின் பின்பக்கமெல்லாம் வெள்ளையாக முகப்பவுடர் தூவியிருந்தது. பவுடர் என் அண்ணியுடையது. வீட்டில் இது நடந்தது 2006 என்பார்கள். இல்லை, 2005 செப்டம்பர். சுனாமிக்குப் பின் வந்த முதல் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு. தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சுனாமி வரை அண்ணன் மரக்காணத்தில் குத்தகைக்கு உப்பளம் ஓட்டிவந்தார். கடல் புகுந்து பாத்திகளைச் சேற்றால் மூடிவிட்டுப் போனபின் குத்தகையை விட்டுவிட்டார். பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். கூப்பிட்டால் திரும்புவார், பேசமாட்டார். அண்ணிதான் நகையை விற்றுக் காரை வாங்கவைத்தார். அண்ணிக்கு ஆரோவில்லில் ஒரு சமையற்கூடத்தில் வேலை. தன்னோடு வேலைபார்த்த பிரம்மதேசம் கிராமத்துப் பெண்களைக் காலையில் அழைத்துப்போய் மாலையில் திரும்பக் கொண்டுவிடும் சவாரியையும் அவரே பேசி முடித்தார். அண்ணன் மறுபடி விடிகாலையில் எழுந்து, சவரம் செய்து, சட்டை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். வேலையில்லாமல் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, காலையில் அந்தக் கார் கிளம்பும் சத்தம் கேட்டால்தான் நிம்மதியாக இருக்கும்.

அந்தக் கார்தான் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. நிறுத்திய இடமெல்லாம் கறுப்பு வட்டம். ஆனால் முதலில் யாரும் அதை ஒழுகல் என்று நினைக்கவில்லை. உப்பளப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு அடிப்பக்கம் துரு ஏறாமலிருக்க, பழைய என்ஜின் ஆயிலைப் பூசிவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் அதைத் தலைக்கு எண்ணெய் வைப்பதுபோல் அக்கறையாகச் செய்வார். பூசிய ஆயில் சொட்டுவதாகவே எல்லோரும் நினைத்து இருந்துவிட்டோம். அளவுகோலில் ஆயில் தொடர்ந்து இறங்கியபோதுதான் பயம் வந்தது. ஒர்க்‌ஷாப்காரரை நாங்கள் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் வண்டிக்குக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டுகிறது, பின்பக்க ஆயில் சீல் போயிருக்கும், என்ஜினை இறக்கவேண்டும் என்றார்.

அண்ணன் “வித்துடலாம்,” என்றார். குத்தகையை விட்ட அன்று பேசிய அதே குரல்.

அண்ணி குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். “பாய், அழுக்கு சட்டியில ஓட்டை எங்கன்னு எப்படிங்க தெரியும்? மொதல்ல கழுவுங்க.”

“கழுவுனா துரு புடிச்சிடும்,” என்றார் அண்ணன்.

“புடிக்கட்டும். விக்கிறதுக்கு எதுக்கு பளபளன்னு?”

பாய் சிரித்துவிட்டார். மண்ணெண்ணெயும் பிரஷுமாக என்ஜினையும் அடிப்பக்கத்தையும் தேய்த்துக் கழுவிக் காயவிட்டார். பிறகு அண்ணியிடம், “பவுடர் கிவுடர் வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார். அண்ணி கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். “பாத்து பாய், அதுக்காவது கொஞ்சம் அழகு வரட்டும்.” பவுடரைத் தூவி என்ஜினை ஓடவிட்டு எல்லோரும் குனிந்து காத்திருந்தோம். சற்று நேரத்தில் வெள்ளையின் நடுவே ஒரு கறுப்புக் கோடு இறங்கியது. அது கீழே சீலில் தொடங்கவில்லை. என்ஜினின் உச்சியில், அதன் மேல்மூடியான டேப்பட் கவரின் பின்மூலையில் கசிந்து, முதுகு வழியாக வழிந்து கியர்பாக்ஸ் மேல் விழுந்தது. “அடடே, மேல ஒழுவிட்டு கீழ பேரு வாங்குது,” என்றார் பாய். கவரின் கீழிருந்த நைந்த பேக்கிங்கை மாற்றினார். என்ஜினை இறக்கும் பேச்சே இல்லை. அன்று திரும்பும்போது அண்ணன் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்.

ஆனால் அந்த வாரமே புதுப் பேக்கிங்கும் கசிந்தது. மறுபடி ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். வண்டியை விட்டதும் அண்ணன் சாவியைப் பாய் கையில் கொடுத்து, “யாராவது கேட்டா குடுத்துடுங்க பாய்,” என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

பாய் என்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். உள்ளேயிருந்து குப்பென்று புகை அடித்தது. “இதுக்கு மூச்சு முட்டுதும்மா. உள்ளாற சேர்ற காத்து போவ வழியில்லாம பேக்கிங்க தள்ளிக்கினு வருது. பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருந்தா பெரிய வேலை. அதுக்கு முன்னாடி மூச்சுக்குழாய பாத்துடுவோம்.”

என்ஜினிலிருந்து கீழே இறங்கும் அந்தக் குழாயை முதலில் பார்த்தது அண்ணிதான். அதன் வாயில் துணி கட்டி, கம்பியால் முறுக்கியிருந்தது. ஆயிலும் உப்புத் தூசியும் ஊறி, துணி தக்கைபோல் இறுகிக் கிடந்தது; கழுவியபோது குழாயின் முனை என்றே பாய் விட்டிருப்பார். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் என்ஜின்களுக்கு உப்புப் படாமலிருக்க, திறந்த குழாய் எதைக் கண்டாலும் இப்படித்தான் துணி கட்டுவார்கள். அடிப்பக்கம் ஆயில் பூசப் படுத்த அண்ணன் அக்கறையாகக் கட்டியது. ஓரத்தில் எஞ்சியிருந்த நீலம் அண்ணியின் பழைய புடவையுடையது.

பாய் கம்பியை நறுக்கித் துணியை உருவினார். “எந்த புண்ணியவான்டா இது? ஏம்பா, இங்க வா!” என்று டீக்கடைப் பக்கம் குரல் எழுப்பினார்.

அண்ணி அவர் கையிலிருந்து துணியைப் பறித்து இடுப்பில் செருகிக்கொண்டார். “குளவி கூடுன்னு சொல்லுங்க பாய்.”

பாய் அண்ணியைப் பார்த்தார். சாலையைக் கடந்து வரும் அண்ணனைப் பார்த்தார். “ஆமாமா, குளவிதான்,” என்று முனகிவிட்டுச் சத்தமாகச் சொன்னார்: “என்னாப்பா, வாடகை இல்லாம குளவிய குடி வச்சிருக்க? காலி பண்ணிட்டேன். இனிமே ஒழுவாது.”

அண்ணன் குனிந்து குழாயை வெகுநேரம் பார்த்தார். பிறகு பாயிடம் கைநீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை கார் கிளம்பும் சத்தத்தை நான் படுக்கையிலிருந்தே கேட்டேன்.

இப்போது அண்ணனிடம் இரண்டு வேன்கள் இருக்கின்றன. எனக்கும் வேலை கிடைத்து, தனிக் குடும்பமாகி ஆண்டுகள் ஆகின்றன. அந்த வீட்டில் உண்ட சோற்றுக்கு நான் யாரிடமும் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அண்ணி கேலி செய்வார். சென்ற மாதம் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த டிரைவர் வேனுக்குக் கீழே படுத்து ஆயில் பூசிக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் குந்தியிருந்தார். வாசலில் அண்ணி மீன் அரிந்துகொண்டிருந்தார்.

“ஏம்பா, அந்தக் குழாய் வாயில துணி கிணி கட்டிடாத,” என்றார் அண்ணன்.

“குளவி கூடு கட்டிடாதாண்ணே?”

“குளவி கட்டுனா உங்க அண்ணி எடுத்துடுவா. நீ கட்டாம இரு.”

அண்ணியின் அரிவாள்மணைச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு அவர் தலை நிமிராமலே அடுத்த மீனை எடுத்தார்.