கோமதி மாமி அனுப்பிய வரிகள்

கோமதி மாமி இறந்த செய்தி எங்கள் பரீட்சை ஆபீஸில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது, என்னைத் தவிர. காலை பதினொரு மணி இருக்கும். மார்க் லிஸ்ட் அச்சாவது சட்டென்று நின்றது. மாடியிலிருந்து இறங்கி வந்து, "யார் மெஷினைத் தொட்டது? வேலை தெரியாதென்றால் எழுந்து போங்கள்" என்று கத்தினேன். எல்லோரும் ஏற்கெனவே எழுந்துதான் நின்றார்கள். டைப்பிஸ்ட் சசி திரையைக் காட்டி மலையாளத்தில் சொன்னான். "சாரே, கோமதி சார் போயி." எல்லாத் திரைகளின் அடியிலும் அந்த ஒரு வரி நின்றது. அனுப்பியவன் அவன்தான். என் திரைக்கு மட்டும் அது வரவில்லை. வராமல் செய்து வைத்திருந்தவன் நான்.

இதைப் படிக்கும் பலர் மாமியை ஸ்ரீவராகத்தில் நவராத்திரிப் பாட்டில் கண்டிருப்பீர்கள். ஆபீஸில் அவர் மார்க்குகளைத் தொகுக்கும் டேபுலேஷன் செக்‌ஷனுக்கு சூப்பிரண்டு. இங்கே பெண்ணானாலும் 'சார்'தான். இந்த நினைவு மலருக்கு மாமியின் கணவர் என்னை எழுதச் சொன்னபோது, நன்றாகப் பழகியவர்கள் வேறு இருக்கிறார்கள் என்றேன். "உன்னைப் பத்தித்தான் ஆத்துல தினம் பேசுவா" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைக் கேபிளால் இணைத்தவன் நான். கேபிள் மட்டும் போதாது. காலையில் ஒவ்வொரு மெஷினிலும் பிளாப்பியைச் செருகி இரண்டு சின்ன புரோகிராம்களை ஏற்றவேண்டும். ஒன்று டிரைவர், கேபிள் செருகிய கார்டோடு பேசுவது அதன் வேலை. இன்னொன்று, பெரிய மெஷினில் இருக்கும் பைல்களை நம் மெஷினிலேயே இருப்பதுபோலக் காட்டும். இரண்டும் கம்பெனி தந்தவை. மூன்றாவதை நான் எழுதினேன். ஒரு மெஷினில் அடிக்கும் வரி இன்னொன்றில் தெரிகிறதா என்று பார்க்க மட்டும். வரி வந்தால் மெஷின் அப்படியே நிற்கும். ஒரு கீயைத் தட்டினால்தான் நகரும். சோதனைக்கு அது போதும்.

சோதனை முடிந்ததும் அழித்திருக்கவேண்டும். அதற்குள் மாமி கண்டுபிடித்துவிட்டார். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவார். "மோர் வெச்சிருக்கேன், வா." "சசிக்குப் பொண்ணு பொறந்தாச்சு, கீழே லட்டு." ஒருநாள் நான் ரிசல்ட்டை ஓடவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்தால் "மழை வரது, குடை இருக்கோ?" என்ற வரியோடு மெஷின் நிற்கிறது. வேலை பாதியில். நேரே இறங்கிப்போய், செக்‌ஷன் நடுவில் வைத்து, "மாமி, இதென்ன விளையாட்டுச் சாமானா?" என்று கேட்டேன்.

மாமி சிரித்தார். "கோச்சுக்காதேடா. மாடிப்படி ஏற முடியலை, கேட்டியா. மெஷின் நிக்காம வர மாதிரி பண்ணப்படாதோ?"

"முடியாது."

"முடியாதா, மனசில்லையா?"

"முடியாது மாமி. இதை எடுத்துவிடப் போகிறேன்."

"எடுத்துடாதே அம்பி. இது வந்தப்புறம்தான் மத்த செக்‌ஷன்காராளோட நாலு வார்த்தை பேசறேன். முன்னெல்லாம் பியூன் கொண்டுவர பைல்தானே பேசும், அல்லே?"

படியேறி என் இடத்துக்குத் திரும்பினேன். அன்றே என் மெஷினுக்கு வரிகள் வராதபடி செய்தேன். மற்றவர்களுக்கும், அந்த புரோகிராம் இல்லாத புதுப் பிளாப்பிகளைத் தயார் செய்ய ஆரம்பித்தேன்.

அதற்குப் பிறகும் மோர் வந்தது. மாமியே டம்ளரோடு படியேறி வந்தார், பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு. "நீ கதவைச் சாத்திண்டா நான் தட்டப்படாதா என்ன?" என்றார். "வெச்சுட்டுப் போங்கோ" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். நெஞ்சுக்கு மருந்து சாப்பிட்டு வந்தார் என்பது துக்கத்துக்குப் போனபோதுதான் தெரிந்தது. எங்களில் யாரிடமும் அவர் சொன்னதில்லை.

மறுநாள் ஆபீஸில் அந்த புரோகிராமைத் திறந்தேன். வரி வரவேண்டும், சற்று நின்று தானே மறையவேண்டும், மெஷின் பாட்டுக்கு ஓடவேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. அன்று முடியாது என்றேனே, அது பொய்கூட இல்லை. யோசித்தே பார்க்கவில்லை. பொய் சொல்லவாவது அவர் கேட்டதைக் காதில் வாங்கியிருக்கவேண்டும்.

மாமியுடையதென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மூன்றாவது புரோகிராம். நான் எழுதியதுதான், ஆனால் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் எழுதினேன். புதுப் பிளாப்பிகள் எல்லாவற்றிலும் இப்போது அது இருக்கிறது. கீழே வரிகள் வந்து போகின்றன. சிரிப்பு மாடிவரை கேட்கிறது. என் மெஷினுக்கும் வழி திறந்துவிட்டேன். இதுவரை ஒன்றும் வரவில்லை. போய்ச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஆபீஸ்காரர் யாராவது இதைப் படித்தால் மற்றவர்களிடம் சொல்லுங்கள்: அனுப்பினால் இப்போது எனக்கு வரும்.