பதினேழாம் அறைக்கு ஐந்து நிமிடம்

ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் பெரீனாவுக்கு மனசு பதறிப்போகும். அவளுக்கு மட்டுமா, அந்தத் தீவில் பிறந்த அத்தனை பேருக்கும் அந்த வியாதி உண்டு. ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. கூரையில் விழுகிற மழைதான் தொட்டிக்கு இறங்கும். ஆகஸ்ட் வந்ததும் அவள் அம்மா தொட்டி மூடிக்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். முகம் கழுவிய தண்ணீரில் கால் கழுவி, மிச்சத்தைத் தக்காளிச் செடிக்கு ஊற்றிவிட்டுத்தான் பெரீனா பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். தினமும் தாமதம். தீவின் ஒரே பஸ்ஸை ஓட்டிய விட்ஸ்கோ, அவள் மேட்டிலிருந்து ஓடிவருவதைப் பார்த்துவிட்டால் நகரமாட்டார். பயணிகள் கத்தினால், "என்ஜின் ஸ்டார்ட் ஆகலைங்க, என்ன பண்றது?" என்பார். பெரீனா ஏறியதும் என்ஜினுக்கு உயிர் வந்துவிடும்.

கடலுக்கடியில் குழாய் போட்டு நல்ல தண்ணீர் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. பழக்கம் போகவில்லை. அப்படிப்பட்டவளுக்கா இந்த வேலை வாய்க்க வேண்டும்? அவள் வேலை பார்த்த மத்தி மீன் ஆலையை மூடிய பிறகு, நாற்பத்தாறு வயதில் அக்கரையிலுள்ள ஸ்ப்ளிட் நகரத்துக்குப் போய், மீசை முளைக்காத பையன்களோடு உட்கார்ந்து குழாய் வேலை படித்தாள். இப்போது எட்டு வருஷமாகத் தீவின் முதியோர் இல்லத்தில் குழாய், கொதிகலன் எல்லாம் அவள் பொறுப்பு.

குழாயில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். ஷவரைத் திறந்தால் சாரலோடு நெஞ்சுக்குள் போய், வயசானவர்களை நிமோனியாவில் தள்ளிவிடும். அதனால் கொதிகலனில் சூடு அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. ஷவர் தலையில் படிகிற சுண்ணாம்பை வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். இதிலெல்லாம் பெரீனாவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆளில்லாத அறைகளில் வாரம் ஒருமுறை குழாய்களையும் ஷவரையும் ஐந்து ஐந்து நிமிடம் திறந்துவிட வேண்டும் என்பதில்தான் அவளுக்கு மனசு வரவில்லை. சொட்டுத் தண்ணீருக்குப் பூட்டுப் போட்ட வீட்டுப் பெண், நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்? ஒரு நிமிடத்தில் மூடிவிடுவாள். ரெஜிஸ்டரில் மட்டும் 'ஐந்து நிமிடம்' என்று எழுதிவைப்பாள்.

மார்ச்சிலிருந்து காலியாகக் கிடந்த பதினேழாம் அறைக்குச் செப்டம்பரில் ஆள் வந்தது. வந்தவர் விட்ஸ்கோ. இடுப்பெலும்பு முறிந்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஸ்ப்ளிட் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்துவிட்டு நேரே இல்லத்துக்குத்தான் வந்தார். 'அறை தயார்' என்று கையெழுத்துப் போட்டவள் பெரீனாதான்.

பத்தாம் நாள் அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. மறுநாள் காலை, இல்லத்தில் வழக்கமாக எடுக்கும் தண்ணீர்ச் சோதனையின் முடிவு வந்தது. பதினேழாம் அறை ஷவரில் கிருமி. டாக்டர் உடனே மருந்தை ஆரம்பித்து, விட்ஸ்கோவின் சிறுநீரைச் சோதனைக்கு மத்தியானக் கப்பலில் அனுப்பினார். அது அந்தக் கிருமியா, வெறும் சளியா என்பது மறுநாள்தான் தெரியும். எண்பத்தொரு வயசு நெஞ்சு. அந்தக் கிருமியாக இருந்தால் தாங்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

பெரீனா நேரே நிர்வாகி அம்மாவிடம் போய், ரெஜிஸ்டரைத் திறந்து வைத்து, தான் எழுதியதெல்லாம் பொய் என்றாள். "எழுத்துல கண்டனம் வரும். இப்ப போய் ஷவரையெல்லாம் மூடி, கொதிகலனைப் பாரு," என்றார் அந்த அம்மா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெரீனாவுக்கு.

வேலையை முடித்துவிட்டுப் பதினேழாம் அறைக்குப் போனாள்.

"விட்ஸ்கோ மாமா, தூங்குறீங்களா?"

"தூங்குனா செத்துட்டேன்னு சர்ச்சுல மணி அடிச்சிருவீங்க. அதான் முழிச்சிட்டே கெடக்கேன்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்காகப் பஸ்ஸை எத்தனை தடவை அஞ்சு நிமிஷம் நிறுத்தியிருப்பேன் புள்ள. என் குழாய்க்கு ஒரே நிமிஷம்தானா?"

விளையாட்டாகத்தான் சொன்னார். பெரீனா உடைந்துவிட்டாள். ஐம்பத்துநாலு வயசுப் பெண், மேலங்கிப் பையில் ஸ்பேனரோடு, குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். கிழவருக்குத் தாங்கவில்லை.

"ஏய், நிறுத்து. நிறுத்துங்கறேன்ல. தப்பு உன்னோடது மட்டும் இல்ல. ஜூலையில இங்க ஒரு சிநேகிதனைப் பார்க்க வந்திருந்தேன். இந்த ரூம்ல குழாய் ஓடிட்டிருந்துச்சு, பக்கத்துல யாருமில்ல. எவளோ மறந்துட்டுப் போயிட்டான்னு நான்தான் மூடுனேன். வர்றப்பல்லாம் மூடுனேன். தண்ணி ஓடுனா எனக்கும் மனசு கேக்காதுல்ல?"

பெரீனா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை கொதித்தது. அவர் பிழைத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் மூன்று மணிக்குப் போன் வந்தது. அந்தக் கிருமி இல்லை, சாதாரணச் சளிக் காய்ச்சல்தான். நிர்வாகி அம்மாவே மாடிப்படியில் நின்றுகொண்டு சத்தமாகச் சொன்னார். பெரீனா கொதிகலன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை அழுதாள்.

பிறகு கொதிகலனை எழுபது டிகிரிக்கு மேல் ஏற்றி, குழாய் குழாயாகக் கொதிநீரை ஓடவிட்டாள். ஷவர்களை மாற்றினாள். அடுத்த சோதனையும் அதற்கடுத்ததும் சுத்தமாக வந்தன. இப்போதெல்லாம் காலி அறைகளில் ஷவர் தலையை வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடிக்கிறாள், சாரல் கிளம்பாது. நிரம்பிய வாளிகள் ஆறி, தோட்டத்துக்குப் போகின்றன. வெளியே நடைவழியில் நாற்காலி போட்டு, கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்திருப்பவர் விட்ஸ்கோ.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. மூடாத!" என்பார். சொல்லும்போதே முகம் சுளிக்கும், பாவம்.

ஒருநாள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, ஜூலையில நீங்க ஸ்ப்ளிட் ஆஸ்பத்திரியில இல்ல இருந்தீங்க?"

விட்ஸ்கோ கடிகாரத்தைக் காதில் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"என்ஜின் ஸ்டார்ட் ஆகல புள்ள," என்றார். "என்ன பண்றது?"