தாய்மாமன் வேட்டியும் மூணாவது பிளக்கும்

உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் இருக்கும் மெக்கானிக் மொக்கைச்சாமிக்கு யானைக் காது. கூடலூரில் ஒரு கார் இருமினால், இங்கே ஷெட்டில் படுத்துக்கொண்டே எந்த பிளக்கில் கரி என்று சொல்லிவிடுவார். தன்னுடைய காரைப் பார்க்க மட்டும் மனுசனுக்கு நேரமே வாய்ப்பதில்லை.

ஆவணியில் அவர் தங்கை பவுனு மகனுக்குப் பண்ணைப்புரத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தணும், பத்தரைக்குள் முகூர்த்தம். அவரும் மனைவி பஞ்சம்மாளும் காரில் முன்னால். சீர்த்தட்டுகளுக்கு நடுவே வாழைத்தாரைக் கட்டிப்பிடித்தபடி நான் பின்னால்.

கோம்பையைத் தாண்டியதும் கார் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் உதறியது. என் மடியிலிருந்த காயெல்லாம் அந்த ஆட்டத்திலேயே பழுத்துவிட்டது. ஓரங்கட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பவுனு போன் செய்தாள். பிள்ளைக்கு மொட்டை அடித்தாச்சாம், ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறாராம். அவள் புருஷன் சுந்தரலிங்கம் சும்மாவே முறுக்கிக்கொள்ளும் மாப்பிள்ளை. மாமன் வராவிட்டால் பெரியப்பா மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று பேச்சை எடுத்துவிட்டாராம். கேட்டதும் மொக்கைச்சாமி முகம் பஞ்சரான டயர் மாதிரி இறங்கிவிட்டது.

பானெட்டைத் திறந்தார். முதலில் பெட்ரோலைத் திட்டினார், பிறகு ரோட்டை, பிறகு கண்ணு வைத்ததாக என்னை. இன்ஜின் ஓட ஓட, ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே உட்கார்ந்து கரண்ட் கொடுக்கும் காயிலின் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். வேலை செய்கிற பிளக் என்றால், கழற்றியதும் சத்தம் இறங்கணும். மூணாவதைக் கழற்றியபோது சத்தம் அசையவே இல்லை. அங்கேதான் வேலைநிறுத்தம்.

இனி அந்தக் காயிலைப் பக்கத்து வீட்டுக் காயிலோடு இடம் மாற்றிப் பார்ப்பார். நோவு காயிலோடு போனால் காயில் கெட்டது; இருந்த இடத்திலேயே இருந்தால் பிளக். மாமியார் மருமகள் வழக்குக்கும் இதே வைத்தியம்தான் சொல்வார்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் காயிலை உருவினார். அதன் ரப்பர் மூக்கில் தண்ணீர் சொட்டியது. தாரோடு இறங்கிப்போய் எட்டிப் பார்த்தால், பிளக் குழிக்குள் முல்லையாறே தேங்கிக் கிடந்தது.

பஞ்சம்மாள் மெதுவாகக் கேட்டாள்: "நேத்து பைப்பை விட்டு இஞ்சினைக் குளிப்பாட்டுனது யாரு?"

"சீர் கொண்டு போற வண்டியில்ல. பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

"இஞ்சின் என்ன பச்சப்பிள்ளையா, தண்ணி ஊத்திக் குளிப்பாட்டன்னு ஊரையே வைவீகளே."

நான் வாழைத்தாருக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன்.

தண்ணீரை ஒற்றி எடுக்கக் காய்ந்த துணி வேண்டும். காரில் கிடந்த துணியைப் பிழிந்தால் ஒரு லிட்டர் ஆயில் வரும். அவர் கை மெல்ல மாப்பிள்ளைக்கு வாங்கிய புதுத் துண்டுப் பக்கம் போனது. பஞ்சம்மாள் அந்தக் கையில் ஒன்று வைத்தாள்.

"அதைத் தொட்டீக, அவரு ஏழு சென்மத்துக்கும் நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாரு."

மொக்கைச்சாமி இடுப்பில் அன்றைக்குத்தான் மடிப்புக் கலைத்த பட்டுக்கரை வேட்டி. ஒரு நிமிசம் அதைத் தடவிப் பார்த்தார். பிறகு முந்தியைப் பிடித்துக் கிழித்தார். ஸ்குரூடிரைவரில் சுற்றிக் குழிக்குள் விட்டு ஒற்றி, ஒற்றி, காயிலின் மூக்கையும் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் துடைத்து மாட்டினார். சாவியைத் திருப்பியதும் கார் ஒழுங்காக உறுமியது. அதற்கப்புறம் நாங்கள் போன வேகத்தில் மேற்கு மலையே ஒரு அடி தள்ளி நின்றது.

பெரியப்பா மடியைத் தட்டி உட்காரப் போன சமயம் உள்ளே நுழைந்தோம். மொக்கைச்சாமி ஓடிப்போய் அந்த இடத்தில் சப்பணமிட்டார். கிழிசலையும் கிரீஸையும் சுந்தரலிங்கம் முறைத்துப் பார்த்தார். அதற்குள் பவுனு, பிள்ளையைத் தூக்கிக் கிழிசல் மேலேயே வைத்துவிட்டாள்.

ஆசாரி குத்தினார். பிள்ளை வீரிட்ட சத்தம் தேவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். மொக்கைச்சாமி பழக்கதோசத்தில் தலையைச் சாய்த்துக் கேட்டார். கலங்கிய கண்ணோடு தங்கை புருஷனை நிமிர்ந்து பார்த்தார்.

"நாலு சிலிண்டரும் நல்லா அடிக்கிது மாப்ளே."

சுந்தரலிங்கத்துக்குப் பல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.