புகையில் வாட்டிய சுறா

என் கணவரின் தமையனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது மரியாதை என்று வாயை அடைத்தார்கள். பிறகு எப்போதுதான் சொல்வது?

ஜப்பான்காரன் பினாங்கை ஆண்ட காலம். என் கணவரை ரயில் பாதை வேலைக்கென்று சயாம் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். வயிற்றுப் பிள்ளையோடு நான் அந்தத் தமையன் வீட்டில் ஒண்டினேன்; அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் துறைமுகத்தில் கிளார்க்கு வேலை, நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய ஆசாரம். மகள் பிறந்ததும், பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்குக் கழியும்வரை முப்பத்தொரு நாள் நான் வாசல் தாண்டக் கூடாது என்றார். அது எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கம், சரி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாவை அவித்து உதிர்த்து வறுத்த வறை கொடுப்பதும் அதே வழக்கம்தான். அது மட்டும் அவருக்கு மறந்துபோனது.

"நல்ல மீன் முழுக்கச் சப்பான்காரன் அள்ளிக்கொண்டு போறான், பிள்ளை. நான் எங்க போறது?" என்பார்.

அவர் கொண்டுவந்த மரவள்ளிக்கிழங்கைத்தான் அவர் மனைவி அவித்துத் தருவார். எனக்குப் பால் வற்றியது. குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு அழும். பிறகு அழவும் தெம்பில்லாமல் கிடக்கும். டின்பால் ஊரிலேயே இல்லை. இவள் தங்கமாட்டாள் என்று நானே நினைக்கத் தொடங்கினேன். மத்தியானம் அத்தான் வீட்டுக்கு வரும்போது சட்டையில் புகை மணக்கும். கேட்டால், "பாசாரில குப்பை கொளுத்துறாங்கள்" என்பார். குப்பைப் புகைக்கு எச்சில் ஊறுமா? பசியில் எனக்குத்தான் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

துடக்குக் கழித்து, தலைமுழுகி, பிள்ளையோடு வெளியே வந்த அன்று அதே மணம் தெருமுனையில் நின்றது. அங்கே ஒரு சாப்பாட்டுக் கடை. ஐஸும் இல்லை, உப்பும் இல்லை என்பதால் கடைக்காரர் சுறாவைத் தேங்காய் மட்டைப் புகையில் வாட்டி விற்றுக்கொண்டிருந்தார்.

"கிளார்க்கு ஐயா வீட்டுத் தங்கச்சியா? பால் நல்லா ஊறுதா?" என்று விசாரித்தார். "ஆளுக்கு ஒரு துண்டுதான் கொடுக்கிறது. பிள்ளை பெத்த வீடுன்னு அவருக்கு மட்டும் தினமும் இன்னொரு துண்டு இலையில கட்டிக் கொடுக்கிறேன்லா."

அந்த இலைக்கட்டு ஒருநாளும் வீடு வந்து சேரவில்லை. அத்தான் வழக்கமாக உட்காரும் பெஞ்சு எது என்று கேட்டு, அதிலேயே போய் உட்கார்ந்தேன்.

தோல் கறுத்துச் சுருங்கியிருந்தது. பிய்த்தால் உள்ளே சதை நார்நாராக வந்தது. அவித்த கிழங்கு, இடித்த மிளகாய், பிழிந்த எலுமிச்சம்புளி. புகை நாக்கில் ஏறி மூக்கு வரைக்கும் போயிற்று. அதைப்போல ருசி நான் அதற்கு முன்னும் அறியேன், பின்னும் அறியேன். கண்ணீர் வடிய வடியத் தின்றேன். மிளகாய்க் காரம் பாதி, ஆத்திரம் பாதி.

அப்போது அத்தான் உள்ளே வந்தார். என்னைக் கண்டதும் முகம் வெளிறியது. ஆனாலும் குரலைத் தாழ்த்தி அதட்டினார்.

"எங்கட குடும்பத்துப் பொம்பிளையள் கடையில இருந்து சாப்பிடுறேல்லை."

"எங்கட குடும்பத்து ஆம்பிளையள் பிள்ளை பெறுறதும் இல்லை, அத்தான்" என்றேன்.

கடைக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து இரண்டாம் துண்டு என் கைக்கே வந்தது. தினமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, தெருவே பார்க்கச் சாப்பிட்டேன். பால் மெல்ல மெல்ல ஊறியது. மகள் பிழைத்தாள்.

என் கணவர் சயாமிலிருந்து திரும்பவே இல்லை. அத்தான் பேரப்பிள்ளைகளைக் கண்டு, கிழவராகித்தான் செத்தார். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் எட்டுச் செலவன்று, என் மகள்தான் அடுப்படியில் நின்றாள். இறால் பொரியல், கணவாய்க் கறி, மிளகாய்ப்பொடி போட்ட நண்டு எல்லாம் தயார். அந்தச் சாப்பாட்டுக் கடையும் அப்போது திறந்துதான் இருந்தது.

"பெரியப்பாவுக்கு வேற என்னம்மா விருப்பம்?" என்று கேட்டாள்.

"வேறொண்டும் இல்லை" என்றேன்.