இடது பக்கம் இழுத்த லாரி

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையிலிருந்து ஒடுகத்தூருக்குப் புளி மூட்டை இறக்கும் பழைய லாரி ஓட்டினேன். வலது முன்சக்கரம் உள்பக்கம் சாய்ந்து, டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. வண்டி இடது பக்கமே இழுத்தது.

"சக்கரத்தத் தாங்குற கிங்பின் தேஞ்சிபோச்சிங்க, மொதலாளி" என்றேன்.

"ஸ்டேரிங் புடிக்கத் தெரியாத உனுக்கு இன்னாடா பேச்சு?" மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்க, கன்னத்தில் அறைந்தார்.

"அப்போ நீங்களே ஓட்டுங்க."

ஓட்டினார். முதல் வளைவிலேயே லாரி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. எப்படியோ ஒடித்துத் திருப்பினார். நான் இடது பக்க சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுத்த வளைவில் "புடிடா" என்று அலறினார். எட்டி ஸ்டேரிங்கை வலப்பக்கம் ஒடித்து, லாரியை மலைப்பக்கப் பாறையில் மோதவிட்டேன். அவர் நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது.

சாகும்வரை என்னைத் தன் உயிரைக் காப்பாற்றியவன் என்றே சொன்னார். முதல் வளைவிலேயே பிடித்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பள்ளம் என் பக்கம்தான் இருந்தது. வாங்கிய அறைக்கு முன்னால் அதுகூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.