ஜாடை பேச ஒரு கூட்டம் வேண்டும்

ஊரையே பேச வைப்பதுதான் அவன் தொழில். ஆனால் ஆபீசில் அவனுக்குப் பெயர் ஊமையண்ணன். காலையில் வந்து நாற்காலியில் விழுந்தால், பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை வாயிலிருந்து உதிர்வதை விரல் விட்டு எண்ணிவிடலாம். "அண்ணன் பேச வேண்டியதை எல்லாம் கீபோர்டுலயே பேசித் தீத்துடுறாரு" என்பான் பக்கத்து மேசைக்காரன். அதற்கும் அவன் பதில் சொல்வதில்லை. ஏதோ தத்துவம் என்று நினைக்க வேண்டாம், தெம்பு இல்லை, அவ்வளவுதான்.

அவரவர் வீட்டில் இருந்தபடியே எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தொடரைப் பார்ப்பதற்கான தளம் அவர்களுடையது. ஒரு பக்கம் படம் ஓடும். ஓரத்தில், பார்ப்பவர்கள் எழுதுவது வரிவரியாக மேலே ஏறிக்கொண்டே போகும். சிரிப்பு, வசவு, "ஐயோ பாவம்", "இவளைக் கட்டி வெச்சு உதைக்கணும்" எல்லாம் அதில் வரும். அந்த ஓரம் அவன் பொறுப்பு. படம் நின்றால் வேறு யாருக்கோ திட்டு விழும், பேச்சு நின்றால் அவனுக்கு.

அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். பட்டம் வாங்கிய படத்தை அம்மா கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். பையனுக்கு என்ன வேலை என்று கேட்டால், "கூட்டத்துல நெரிசல் வராம பாத்துக்கிறான்" என்பாள். போலீஸ் என்று நினைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

உண்மையிலேயே நெரிசல் வந்தது. ஒரு வீட்டின் மூத்த மருமகளும் இளைய மருமகளும் முட்டிக்கொள்ளும் தொடர் ஒன்று திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடியது. ஞாயிறு மதியம் புதுப் பகுதி வரும்போது கூட்டம் கட்டுக்கு அடங்கவில்லை. எழுதிய வரி கண்ணில் படுவதற்குள் மேலே ஓடி மறைந்தது. போன்கள் சூடேறின. மூத்த மருமகள் ஒருநாள் இளையவள் கன்னத்தில் அறைந்த காட்சியில் மொத்தப் பேச்சும் மூச்சு முட்டி நின்றுவிட்டது.

டீம் லீடர் அவனைவிட வயதில் சின்னப் பெண். "அண்ணா, கடைசிப் பகுதிக்கு இதைப் போல ரெண்டு பங்கு வருவாங்க. எதையாவது பண்ணுங்க" என்றாள்.

பண்ணினான். ஒரே கூட்டமாக இருந்ததைப் பல அறைகளாகப் பிரித்தான். உள்ளே வருகிறவர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் கம்ப்யூட்டரே ஏதோ ஓர் அறையில் விடும். ஓர் அறையில் பேசுவது அந்த அறைக்குள் மட்டும்தான் தெரியும். அடுத்த ஞாயிறு பேச்சு வெண்ணெயில் கத்தி இறங்கினாற்போல ஓடியது. லீடர் கைகொடுத்தாள். சாயங்காலம், தூங்கிவிடக் கூடாதே என்று பஸ்ஸில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தான்.

வீட்டில் அம்மா சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் போயிட்டாங்க."

"யாரு போனாங்க?"

"நீதான் அங்க வேலை பாக்குற. என்னைக் கேக்குற."

அடுக்களையிலிருந்து வந்த மனைவி, கையைத் துடைத்தபடி அவனைத் தனியே இழுத்தாள். "உங்க பெரியம்மாவைக் காணோமாம்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியம்மா என்றால் அம்மாவின் சொந்த அக்கா. இருவரும் முகம் பார்த்துப் பேசி வருஷக்கணக்காகிறது. தாத்தா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டிவிட்டவள் அம்மா. தாத்தா போன அன்றைக்கு வந்து இறங்கிய பெரியம்மா, தாத்தாவின் முதுகில் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டு, "நீ பாத்துக்கிட்ட லட்சணம்தான் தெரியுதே" என்றாள். துக்கத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் வந்துவிட்டது. அன்றோடு சரி. போன் இல்லை, போக்குவரத்து இல்லை.

"அவங்க ரெண்டு பேரும்தான் பேசுறதே இல்லையே?" என்றான்.

"பேசுறது இல்ல. ஆனா பேசிட்டுதான் இருந்தாங்க" என்றாள் மனைவி.

அம்மா அந்தத் தொடரைப் பச்சைமிளகாய் என்ற பெயரில் பார்ப்பது அவனுக்குத் தெரியும். அவன் மகள் பாட்டிக்கு வைத்துக்கொடுத்த பெயர். ஒருநாள் அந்தக் கூட்டத்தில் முதல்பெஞ்சு என்று ஒருவர், "சின்ன மருமக குடும்பம் நடத்துற லட்சணத்தைப் பாரு" என்று எழுதியிருக்கிறார். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். "பேச்சுக்குப் பேச்சு லட்சணம் பாக்குற ஆளு உலகத்துலயே ஒருத்திதான்." உடனே, பேசினால் எழுத்தாக்கித் தரும் மைக்கை அமுக்கி, "பெரியவங்கன்னா பெரியவங்களாட்டம் நடந்துக்கணும்" என்று பொதுவாகச் சொல்லியிருக்கிறாள். அங்கிருந்து, "சில பேருக்கு வாய் மட்டும் நீளம்" என்று பொதுவாக வந்திருக்கிறது.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே கச்சேரிதான். படம் தொடங்க நிறைய நேரம் இருக்கும்போதே இருவரும் வந்துவிடுவார்கள், மற்றவள் வந்தாளா என்று பார்க்க. மூத்த மருமகளைச் சாக்கிட்டு அம்மா குத்துவாள், இளையவளைச் சாக்கிட்டுப் பெரியம்மா. "முட்டி வலிக்குதுன்னு டாக்டர்கிட்ட போக மாட்டாங்க, வீராப்பு" என்று ஒருநாள் முதல்பெஞ்சு எழுதியபோது, தொடரில் யாருக்கும் முட்டிவலி இல்லை. மறுநாளே அம்மா டாக்டரிடம் போனாள்.

இப்போது அவன் போட்ட சுவர் இருவருக்கும் நடுவில் நிற்கிறது.

மறுநாள் ஆபீசில், அறைகளில் பதிந்திருந்த ஞாயிற்றுப் பேச்சைத் துழாவிப் பார்த்தான். முதல்பெஞ்சு வேறோர் அறையில் இருந்தார். "சில பேரைக் காணோம். பயந்துட்டாங்க போல" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்கள் சிரிக்கிற பொம்மை முகம் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, "அம்மா, வேற ரூமுக்கு நீயே மாறிக்கலாம். மேல ஒரு பட்டன் இருக்கு. எந்த ரூம்னு நான் சொல்றேன்" என்றான்.

"நான் எதுக்குத் தேடிப் போகணும்?"

"நீ தேடி வந்தேன்னு யாருக்கும் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும்ல?"

"சரி, போன்ல ஒரு வார்த்தை..."

"போடா. போன்ல பேசுனா அவகூடப் பேசுனதா ஆயிடும்."

அவன் சோர்ந்துபோய் உட்கார்ந்தான். ஜாடை பேச மூன்றாம் ஆள் வேண்டும், கூட்டம் வேண்டும். இருவரையும் தனியே ஓர் அறையில் உட்கார வைத்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள். அழைத்ததாகவும் இருக்கக் கூடாது, வந்ததாகவும் இருக்கக் கூடாது. ஏதோ போகிற வழியில் தட்டுப்பட்டதாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டரிடம் கேட்டால், இவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஒரு பதில்கூடப் போட்டதில்லை, யாரோ எவரோ என்றுதான் சொல்லும்.

சீட்டுக் குலுக்குவதை எடுத்துவிட்டு, வந்த வரிசைப்படி அறைகளை நிரப்பினால் என்ன என்று பல் துலக்கும்போது தோன்றியது. சீக்கிரம் வருகிறவர்களுக்கு எப்போதும் முதல் அறை. இருவரும் சீக்கிரம் வருகிறவர்கள்தானே.

"குலுக்கல் நல்லாத்தானே ஓடுது? இப்ப போய் எதுக்குண்ணா கை வைக்கிறீங்க?" என்றாள் லீடர்.

"பழைய ஆளுங்க எல்லாம் கூட்டாளிங்களைக் காணோம்னு புலம்புறாங்க." அது பொய்யில்லை, புகார்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

"கடைசிப் பகுதி அன்னிக்குக் கவுந்துச்சுன்னா என் தலைதான் உருளும். உங்க தலையும் கூடவே உருளும்."

"உருளட்டும்" என்றான். அவன் ஒரு முழு வாக்கியம் பேசியதையே பக்கத்து மேசைக்காரன் எழுந்து நின்று பார்த்தான்.

கடைசி ஞாயிறு வந்தது. ஆபீசில் எல்லோரும் திரை முன்னால் கூடியிருந்தார்கள். முதல் அறை திறந்ததுமே முதல்பெஞ்சு வந்துவிட்டார். பச்சைமிளகாய் வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டான்.

"அத்தை படுத்திருக்காங்க" என்றாள் மனைவி. "பாக்க மாட்டாங்களாம். யாரு வந்தா என்ன, வராட்டி என்னங்குறாங்க."

அறை நிரம்பிக்கொண்டே வந்தது. முதல்பெஞ்சு எழுதினார்: "இன்னிக்குச் சின்னவ சாயம் வெளுக்கும்." பதில் இல்லை. "வாய் நீளமா இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்க?" பதில் இல்லை. கொஞ்ச நேரம் அவரும் எழுதவில்லை. போய்விட்டார் என்றே அவன் நினைத்தான். அப்புறம் ஒரு வரி வந்தது.

"ஏண்டி, ஒடம்புக்கு என்ன?"

இத்தனை வருஷத்தில் நேராக வந்த முதல் கேள்வி. கூட்டத்துக்கு என்ன தெரியும்? "நல்லா இருக்கேன் அக்கா", "எனக்கு லேசா சளி", "யாரைக் கேக்குறீங்க, மூத்த மருமகளையா?" என்று ஆளாளுக்குப் பதில் போட்டார்கள். அந்த வரி மேலே ஏறி ஏறி விளிம்புக்குப் போனது. இன்னும் கொஞ்சம் போனால் மறைந்துவிடும். யோசிக்கவில்லை. நிர்வாகத்தின் அறிவிப்பு மட்டுமே நிற்கும் உச்சியில் அந்த வரியைக் குத்தி நிறுத்தினான். அம்மா வந்தால் இடம் இருக்கட்டும் என்று அறை நிரம்பும் அளவையும் கொஞ்சம் தளர்த்தினான். மறுபடி வீட்டுக்குப் போன் போட்டான்.

"அம்மாகிட்ட குடு." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அம்மா, உன்னைக் கேட்டாங்க."

"யாரு?"

அவனுக்கும் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. "முன்னாடி உக்காந்திருக்கிறவங்க."

"கேட்டாங்களா? எப்படிக் கேட்டாங்க?"

"வந்து பாரு. ரூம் நெறஞ்சிடப் போகுது."

"அவசரப்படுத்தாதடா" என்று போனை வைத்துவிட்டாள்.

லீடர் பின்னால் வந்து நின்றாள். "அண்ணா, மேல என்ன அது? 'ஏண்டி, ஒடம்புக்கு என்ன'வா? நம்ம அறிவிப்பு எங்க?"

"கொஞ்ச நேரம்."

"முதல் ரூம்ல நெரிசல் காட்டுற முள்ளு ஏறுது. கதவைச் சாத்துங்க."

"கொஞ்ச நேரம்னு சொன்னேன்ல."

தொடர் தொடங்கிவிட்டது. முள் மஞ்சளைத் தாண்டியது. அவன் விரல் கதவைச் சாத்தும் பொத்தான் மேலேயே இருந்தது. அப்போது பச்சைமிளகாய் உள்ளே வந்தாள். உடனே எதுவும் எழுதவில்லை. உச்சியில் நின்ற வரியைப் படித்திருப்பாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி படித்திருப்பாள்.

"கேட்டவங்ககிட்ட சொல்லுங்க. உசுரோடதான் இருக்கேன்."

அப்போதும் ஜாடைதான்! கூட்டத்துக்குக் குஷி தாங்கவில்லை. அக்கா தங்கை சண்டை என்பது யாரோ ஒரு புண்ணியவானுக்கு உறைத்துவிட்டது. மடை திறந்தாற்போல வரிகள் பாய்ந்தன. "அக்கா, உசுரோடதான் இருக்காங்களாம்!" "அக்கா கேட்டுச்சா?" "தங்கச்சி சொல்லச் சொன்னாங்க!" அறை முழுக்க ஒரே வாக்கியத்தைச் சுமந்துகொண்டு ஓடியது. தொடரில் யாரோ அழுதார்கள், யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. முள் சிவப்பில் போய் முட்டியது. வரிகள் திக்கின, நின்றன, மறுபடி நகர்ந்தன.

"அண்ணா!" லீடர் குரல் கீச்சிட்டது.

கதவைச் சாத்தினான். இனி வருகிறவர்கள் வேறு அறைக்குப் போவார்கள். ஒருவர் ஒரு வரி எழுதினால் அடுத்ததற்குக் காத்திருக்கும்படி வேகத்தைக் குறைத்தான். கூட்டம் முணுமுணுத்து அடங்கியது. முள் மெல்ல இறங்கியது.

"யாருண்ணா அவங்க?" என்று லீடர் கேட்டாள். கோபம் பாதி இறங்கியிருந்தது.

"பாக்குறவங்கதான்."

"நாளைக்குக் காலையில என்ன நடந்துச்சுன்னு எழுதித் தரணும். உங்க பேருல."

தலையை ஆட்டினான்.

வரிகள் இப்போது படிக்கிற வேகத்தில் வந்தன. முதல்பெஞ்சு எழுதினார்: "மாத்திரை போட்டியா?"

கூட்டம் இந்த முறை வாயைத் திறக்கவில்லை. வேகத்தைக் குறைத்து வைத்திருந்ததால் திறக்க முடியவில்லை என்றும் சொல்லலாம்.

"ஆச்சு" என்றாள் பச்சைமிளகாய். அடுத்த வரிக்கு அவளும் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்து எழுதினாள். "நீ?"

உச்சியில் குத்தி வைத்ததை எடுத்துவிட்டு, நிர்வாகத்தின் அறிவிப்பைத் திரும்பப் போட்டான். அடுத்த அறையிலும் முள் ஏறத் தொடங்கியிருந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு அதைப் பார்க்க உட்கார்ந்தான்.